எரர் 126: டிரைவர் ஃபைல் இருக்கு, ஆனா இல்லைங்குது

ப்ரோ, பிரிக்ஃபீல்ட்ஸ் கடை பில்லிங் சாஃப்ட்வேர் போடறப்ப மைஎஸ்கியூஎல் ஓடிபிசி டிரைவர் (சாஃப்ட்வேர டேட்டாபேஸோட இணைக்கிறது) எரர் 126 வருது, ஆனா ஃபோல்டர்ல டிஎல்எல் (டிரைவரோட புரோகிராம் ஃபைல்) கண்ணு முன்னாடியே இருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஃபைல் பாத்த, அதாவது ஃபைல் இருக்கற இடத்த, நோண்டாதீங்க லா, அது பெரும்பாலும் சரியாதான் இருக்கும். 126னா அந்த ஃபைல் மட்டுமில்ல, அது உள்ள கூப்பிடுற வேற டிஎல்எல் இல்லன்னாலும் இதே மெசேஜ்தான் வரும், முக்கால்வாசி நேரம் விசுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், அதாவது அந்த வேற டிஎல்எல் எல்லாம் இருக்கற பேக்கேஜ், இருக்காது, மைக்ரோசாஃப்ட் சைட்லேருந்து எறக்கிப் போடுங்க, ஃப்ரீதான், டிரைவர் 32 பிட்னா எக்ஸ்86, 64னா எக்ஸ்64, விண்டோஸ் 64ஆ இருந்தாலும் டிரைவர் எதுவோ அதுதான் கணக்கு.

பழைய பில்லிங் சாஃப்ட்வேர் நெறைய 32 பிட்தான், அதனால டிரைவரும் 32 வேணும். ஓடிபிசி செட்டிங் ஸ்க்ரீனும் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்வாவ்64 (SysWOW64) ஃபோல்டர்ல இருக்கறத தொறங்க, சிஸ்டம்32ல இருக்கறது 64 பிட்டு, மைக்ரோசாஃப்ட் ஏன்தான் இப்படி தலைகீழா வச்சானோ. எரர் 126 போயி எரர் 193 வந்தா 32க்கு 64னு பிட் மாறிப்போச்சுன்னு அர்த்தம்.

ஆமா, டிரைவர் ஃபோல்டர டி டிரைவுக்கு நகத்தினேன்னு சொன்னீங்களே, அப்படின்னா உங்களுக்கு பாத்தும் தப்பாயிருக்கும், அப்படி செய்யக்கூடாது, ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் செட்டிங்க சேத்து வைக்கற இடம்) பழைய பாத்துதான் இருக்கும். அன்இன்ஸ்டால் பண்ணிட்டு முறையா திரும்பப் போடுங்க, அப்பவும் வந்தா ஸ்க்ரீன்ஷாட் போடுங்க பாப்போம்.