பாவித்த பால் பம்ப் பாதி விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?

சுன்னாகத்தில் ஒருவர் எட்டு மாதம் பாவித்த, தாய்ப்பால் எடுக்கும் எலக்ட்ரிக் பம்பைப் பாதி விலைக்குத் தருகிறார், பிரசவ லீவு முடிய இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன். அதுவும் காசு கொடுத்து இல்லை, சும்மா வந்தது. பட்டதைச் சொல்கிறேன்.

மூத்தவள் பிறந்தபோது கனடா மச்சாள் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பாவித்த பம்பை, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். கறுப்புத் தோள்பையோடு பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. அடாப்டரைச் செருகப் போன நேரம் இவர்தான் தடுத்தார். அதன் முதுகில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தது, இங்கே 230. வெளிநாட்டுச் சாமான் என்றால் முதலில் இதைப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் பிளக் பிரச்சினை மட்டும்தான். எங்களுக்கு அப்படி இல்லை, டவுனுக்குப் போய் ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்க வேண்டி வந்தது. சும்மா வந்த பம்புக்கு முதல் செலவு.

பிறகு தொடங்கியது உண்மையான கரைச்சல். இருபது நிமிடம் வைத்திருந்தாலும் போத்தலின் அடி நனைந்தது போலத்தான் இருக்கும். வால்வை மாற்றியும் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. பம்ப் சரியில்லை என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். "பிள்ளைக்குப் பால் காணாது" என்று மாமி ஒருநாள் விட்டு ஒருநாள் பால்சுறா வறை, நடுவில் முருங்கையிலை. சாப்பாடு நல்ல சாப்பாடுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் போத்தலைப் பார்த்து அழுகை வந்தது. பால்மா தொடங்குவோமா என்ற கதையும் எழும்பியது.

நிறை பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான், "தங்கச்சி, அந்த மெஷினை ஒருக்கா வையுங்கோ, கையால எடுப்பம்" என்றார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெருவிரலும் சுட்டுவிரலும் முலைக்காம்பில் படாமல், கறுத்த வட்டத்தின் ஓரத்தில் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அமத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமத்தி விடுவது. முதல் இரண்டு மூன்று நிமிடம் துளித்துளியாக வந்தது. பிறகு பீச்சியது! தேத்தண்ணிக் கப்பில் அரைவாசிக்கு மேல் வந்துவிட்டது. பால் இருந்திருக்கிறது. மோட்டருக்குத்தான் இழுக்கச் சக்தி இல்லை. வீட்டுப் பாவனைக்கு வரும் பம்பின் மோட்டர் சின்னது, இரண்டு பிள்ளைக்கு உழைத்து அது களைத்துப் போயிருந்தது.

அன்றிரவு ட்யூபைக் கழற்றி லைற் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெஷினுக்குள் செருகும் பக்கத்தில், உட்புறமாக, மிளகுத் தூள் ஒட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஆகவே அந்தச் சுன்னாகத்துக்காரரிடம் எவ்வளவு காலம் பாவித்தது என்று கேட்பதை விட, திறந்த வகையா மூடிய வகையா என்று கேளுங்கள். மூடிய வகையில் பாலுக்கும் மோட்டருக்கும் இடையில் ஒரு சிலிக்கோன் தடுப்பு இருக்கும். திறந்த வகையில் அது இல்லை, பாலும் ஈரமும் ட்யூப் வழியாக மோட்டர்வரை போகலாம். மார்பில் வைக்கும் புனலையும் போத்தலையும் அவிக்கலாம், மோட்டரை எப்படி அவிப்பது? தாய்ப்பால் வழியாக எச்.ஐ.வி., சைட்டோமெகலோ வைரஸ் போன்றவை கடத்தப்படலாம். கொடுப்பவர் எவ்வளவு துப்புரவான ஆள் என்பது இங்கே கதையே இல்லை, தனக்கு என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். திறந்த வகை என்றால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

மூடிய வகை என்றால் ஆபத்து குறைவு, இல்லை என்று ஆகாது. ஒருவர் பாவனைக்கென்று செய்த பம்பை இன்னொருவர் பாவிக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சொல்கிறது. பலர் பாவிக்கவென்றே செய்த ஆஸ்பத்திரிப் பம்புகள் வேறு, அவற்றிலும் ஒவ்வொரு தாயும் தன் சொந்தப் புனலும் ட்யூபும் போட வேண்டும். விளம்பரத்தில் "ஹொஸ்பிட்டல் கிரேட்" என்று இருந்தால் மயங்க வேண்டாம், அந்தச் சொல்லுக்கு அந்த நிர்வாகத்திடம் வரைவிலக்கணமே கிடையாது. அப்படியும் எடுப்பதென்றால் ட்யூப், வால்வு, புனல் எல்லாம் புதிதாக வாங்கும் விலையைக் கூட்டிப் பாருங்கள். பாதி விலை பாதியாக நிற்காது.

உங்கள் நிலையில் நான் என்றால் புதுக் கைப்பம்ப் ஒன்று வாங்குவேன். மோட்டரும் இல்லை, நீண்ட ட்யூபும் இல்லை, பால் படுகிற பாகம் எல்லாம் கழன்று பானைக்குள் போகும், ஐந்து நிமிடம் கொதித்தால் சரி. இரண்டாமவள் 2022இல் பிறந்தாள், ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்கூடக் கரண்ட் நின்ற வருடம். கைப்பம்பும் என் கையும்தான் அவளை ஆளாக்கின. கை உளையும், பொய் சொல்லவில்லை. கிளிநொச்சிக் கந்தோரில் கோப்பு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எடுத்து, ஐஸ்கட்டி போட்ட பெட்டியில் வைத்துப் பின்னேரம் பஸ்ஸில் கொண்டுவருவேன். பாலை வெளியில் நாலு மணித்தியாலம் வைக்கலாம் என்பது 25 பாகை அறைக்குச் சொன்ன கணக்கு, எங்கள் சித்திரை வெயிலுக்கு இல்லை.

மூன்று கிழமை இருக்கிறது, கையால் எடுக்க இன்றைக்கே பழகத் தொடங்குங்கள். கிளினிக்கில் கேட்டால் காட்டித் தருவார்கள்.

மச்சாளிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. "பம்ப் உதவினதோ?" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வது. முழுப் பொய்யும் இல்லை, அந்தக் கறுப்புப் பையில்தான் மூத்தவள் டியூசன் கொப்பிகள் கொண்டு போகிறாள்.