வலி இடம் மாறினால் கவனியுங்கள்

கேள்வி: என் 13 வயது மகனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி வந்தது. வாயுத் தொல்லை என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்க இருந்தோம். மறுநாள் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) என்று சொல்லி ஆபரேஷன் செய்துவிட்டார்கள். முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நல்லவேளை, விளக்கெண்ணெய் கொடுக்கவில்லை. வீங்கிச் சீழ் பிடித்த குடல்வால், பேதி மருந்து குடலை முடுக்கும்போது வெடித்துவிடக்கூடும்.

வலி இடம் மாறுவதுதான் முக்கிய அடையாளம். குடல்வாலின் நரம்புகளும் தொப்புள் பகுதி நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதால், முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். சில மணி நேரத்தில் வீக்கம் வயிற்றின் உள்சவ்வைத் தொட்டதும், வலி வலது அடிவயிற்றில் 'இங்கேதான்' என்று விரல் வைத்துக் காட்டும்படி நிலைத்துவிடும். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புள் வரை கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த இடம் இருக்கும். சார்லஸ் மெக்பர்னி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1889-இல் எழுதியது இது.

வரிசையையும் பாருங்கள். குடல்வாலில் பெரும்பாலும் வலி முதலில், வாந்தி பிறகு. வாந்தியும் பேதியும் முந்திக்கொண்டால் சாப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். பிடித்த பலகாரத்தைக்கூடப் பையன் தொடமாட்டான். காய்ச்சல் ஆரம்பத்தில் லேசாகத்தான் இருக்கும். இருமச் சொன்னால் வலது பக்கம் சுரீர் என்று இழுக்கும். வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள்.

வலி திடீரென்று விட்டுப்போனால் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. குடல்வால் வெடித்தாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். பிறகு வயிறு முழுக்கப் பலகைபோல் இறுகும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகளிடம் இந்த அடையாளங்கள் தெளிவாகத் தெரியாமலும் போகும். சந்தேகம் வந்தால் காபிகூடக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மயக்க மருந்துக்கு வெறும் வயிறு நல்லது.

இன்னொன்று: ஆண்பிள்ளைக்கு அடிவயிறு வலித்தால் விரையில் வலியோ வீக்கமோ உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். வெட்கப்பட்டு மறைப்பார்கள். விரை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: விருந்து சாப்பிட்ட இரவெல்லாம் அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி, தோள்பட்டை வரை போகிறது. கேஸ் மாத்திரை போதுமா?

பதில்: போதாது. பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். 6 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து ஸ்கேன் எடுங்கள். குளிர்காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றே அட்மிட் ஆக வேண்டும். வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ மூச்சு வாங்கினாலோ மாரடைப்பாகவும் இருக்கலாம்; ஸ்கேனுக்கு முன் இசிஜி எடுங்கள்.