பாஸ் போட், வேகம், லைஃப் ஜாக்கெட்: வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாண அணைகளில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்கள் அனுப்பியவற்றில் ஆறு கேள்விகள் இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

என்னுடையது 18 அடி போட், 150 குதிரைத்திறன் இன்ஜின். ஆல்பர்ட் ஃபால்ஸ் அணையில் 95 கி.மீ. தாண்டியதும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கிறது. பயந்து த்ராட்டிலை விட்டுவிடுகிறேன். என்ன கோளாறு? – சாட்ஸ்வொர்த் வாசகர்

கோளாறைப் பிறகு பார்ப்போம். த்ராட்டிலைச் சட்டென்று விடும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். ஆட்டத்தைவிட அதுதான் ஆபத்து. முழு வேகத்தில் போட்டின் மூக்கு தூக்கியிருக்கும். பின்பக்கம் மட்டும் தண்ணீரைத் தொடும். திடீரென்று வேகம் போனால் மூக்கு விழுந்து முன்பக்கத்தின் கூர்மையான அடி தண்ணீரில் இறங்கும். அப்போது அதுவே சுக்கான்போல் வேலை செய்து பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். போட் கவிழாமல் இருக்கலாம், ஆட்கள் மட்டும் வெளியே பறப்பார்கள்.

ஆட்டம் வந்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கூடவே, இன்ஜினின் சாய்வை மாற்றும் டிரிம் பட்டனை ஒன்றிரண்டு தட்டு தட்டி இன்ஜினை உள்ளே இறக்குங்கள். மூக்கு தாழ்ந்து அடிப்பாகம் அதிகமாகத் தண்ணீரில் படிந்ததும் ஆட்டம் அடங்கிவிடும்.

இது ஏன் வருகிறது? அந்த வேகத்தில் மொத்தப் போட்டும் அடியின் நடுவில் உள்ள சாண் அகலத் தட்டைப் பட்டையின் மேல்தான் நிற்கிறது. ஒரு பக்கம் சாயும், அந்த ஓரம் தண்ணீரில் மோதி எதிர்ப்பக்கம் தள்ளும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பீர்கள். கை ஒரு நொடி பிந்துவதால், அடங்க வேண்டிய ஆட்டத்தை நீங்களே ஊட்டி வளர்ப்பீர்கள். பழகிய கை சக்கரத்தை நூலளவுதான் அசைக்கும், அதுவும் சாய்வு தொடங்கும் முன்பே.

போட்டை டிரெய்லரில் வைத்துப் பார்க்க வேண்டியவையும் உண்டு. ஒருவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கட்டும். நீங்கள் பின்னால் போய் இன்ஜினின் கீழ்ப்பகுதியை இரு பக்கமும் தள்ளுங்கள். சக்கரம் அசையாமல் இன்ஜின் மட்டும் அசைந்தால் எங்கோ தளர்வு இருக்கிறது: கேபிள் ஸ்டீயரிங்கானால் கேபிள் தேய்ந்திருக்கும், ஹைட்ராலிக்கானால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கும் அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். அடுத்தது எடை. பேட்டரிகள், பெட்ரோல், ஐஸ் பெட்டி எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை அளவுக்கு மேல் உயர்த்தி மாட்டியிருந்தாலும் இந்த ஆட்டம் வரும். தளர்வைச் சரிசெய்யும்வரை 80 கி.மீ.யைத் தாண்டாதீர்கள்.

காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட் லேசாக இருக்கிறது, வெயிலுக்கும் நல்லது. அது போதுமா? – டொங்காட், ஃபீனிக்ஸ் வாசகர்கள்

மீன் பிடிக்கும் நேரத்துக்குப் போதும். ஓடும் நேரத்துக்குப் போதாது என்பதே எங்கள் கருத்து.

மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு 28 மீட்டர். அந்த வேகத்தில் விழுகிறவருக்குத் தண்ணீர் தரைபோலத்தான் இருக்கும். அடித்த அடியில் நினைவு தப்பினால் கயிற்றை இழுத்துக் காற்றடைக்க ஆள் இல்லை. தானியங்கி வகை ஊதிக்கொள்ளும். ஆனால் தோளில் பட்டைபோல் மெல்லியதாக மாட்டிய அது, அடியின் வேகத்தில் உடம்பிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. பலவற்றின் லேபிளிலேயே ஜெட் ஸ்கீக்கும் வாட்டர் ஸ்கீயிங்குக்கும் ஏற்றதல்ல என்று அச்சிட்டிருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு: மாத்திரை வகைத் தானியங்கி ஈரத்தில் கரைந்துதான் வெடிக்கும். டர்பன் புழுக்கத்தில் அலமாரியில் கிடந்தே ஊதிக்கொள்ளலாம், ஓடும்போது அடிக்கும் சாரலிலும் ஊதிக்கொள்ளலாம். தண்ணீர் அழுத்தத்தில் மட்டும் திறக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஓடும்போது ஜிப்பும், அதன்மேல் மூன்று நான்கு பெல்ட்டும் உள்ள ஃபோம் வெஸ்ட் போடுங்கள். ஜிப் மட்டும் உள்ளது வேண்டாம். தண்ணீர் கீழிருந்து புகுந்து வெஸ்ட்டைத் தலைக்கு மேல் உருவிவிடும். அளவு சரியா என்று பார்க்க, பெல்ட்டையெல்லாம் இறுக்கிவிட்டு ஒருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். வெஸ்ட் காது வரை வந்தால் பெரிது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இப்படிப்பட்ட வெஸ்ட்டுகள் பெரும்பாலும் 50 நியூட்டன் வகை (நியூட்டன் என்பது மிதக்க வைக்கும் விசையின் அளவு). மிதக்க வைக்கும், ஆனால் மயங்கியவரை முகம் மேலாகத் திருப்பாது. அதற்கு 100 அல்லது 150 வேண்டும். அவற்றில் கழுத்துப் பட்டை பெரிது, வேகத்தில் காற்றைப் பிடித்து இழுக்கும். அதனால் ஓட்டும்போது ஃபோம் வெஸ்ட்டும், நிறுத்தி மீன் பிடிக்கும்போது 150 நியூட்டன் காற்று ஜாக்கெட்டும் என்று இரண்டு வைத்துக்கொள்வதுதான் வழி. செலவு கூடும், வேறு வழியில்லை.

காற்று ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் சீசன் தொடங்கும் முன் சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வையுங்கள். அதன் மேல் பொறித்த மொத்த எடையைவிட இரண்டு கிராமுக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். வாயால் ஊதி ஒரு இரவு விட்டு, காலையில் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஊதிய ஜாக்கெட்டில் சிலிண்டரை வெடிக்க விடாதீர்கள், தையல் பிரிந்துவிடும்.

கில் சுவிட்ச் கயிற்றை எங்கே மாட்டுவது? அணை காலியாகத்தானே இருக்கிறது, எதற்கு அது? – வெருலம் வாசகர்

கில் சுவிட்ச் கயிறு ஓட்டுநர் உடம்போடு மாட்டுவது, அவர் விழுந்தால் இழுபட்டு இன்ஜினை நிறுத்தும். ஆளில்லாத போட் நேராகப் போகாது. புரொப்பல்லர் சுற்றும் விசை ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட, அது வட்டமடித்து நீங்கள் விழுந்த இடத்துக்கே திரும்பி வரும். அணை காலியா நிரம்பியா என்பது அதற்குப் பொருட்டல்ல. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த போட்களில் இதை மாட்டுவது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டக் கட்டாயம்.

வெஸ்ட்டின் வளையத்தில் மாட்டுங்கள், சட்டைப் பொத்தானிலோ தளர்ந்த பெல்ட்டிலோ வேண்டாம். ஸ்டீயரிங் கம்பியில் சுற்றி வைத்த கயிறு இருந்தும் இல்லாததுதான். காலையில் இறக்கியதும் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒருமுறை இழுத்து, நிற்கிறதா என்று பாருங்கள். வேகத்தில் சோதிக்காதீர்கள், அது த்ராட்டிலைச் சட்டென்று விடுவதற்குச் சமம்.

இனாண்டா அணையில் ஆகாயத்தாமரைக்குள் போனதும் அலாரம் அடிக்கிறது.

தண்ணீர் உறிஞ்சும் துளைகளை இலை அடைத்திருக்கும். பின்னால் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை நின்றிருந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். தூக்கிப் பார்த்து, கையால் அகற்றுங்கள். அலாரம் அடிக்காமல் இலை மட்டும் புரொப்பல்லரில் சுற்றியிருந்தால், ஐடிலில் சில நொடி ரிவர்ஸ் போடுவது போதும். அணைமட்டம் இறங்கியிருந்தால் போன மாதத்து ஜி.பி.எஸ். தடத்தை நம்பாதீர்கள். அன்று இரண்டு மீட்டர் ஆழத்தில் கிடந்த மரக்கட்டை இன்று விரற்கடை ஆழத்தில் இருக்கும்.

மிட்மார் அணையில் மதியம் காற்றும் இடியும் வந்தால் கரைக்கு எப்படித் திரும்புவது? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

இடி கேட்கும் முன்பே கிளம்புவது. கோடையில் மேகம் எழும்போதே தூண்டிலைச் சுருட்டுங்கள். சிக்கிக்கொண்டால், காற்றுக்கு எதிராகப் போகும்போது டிரிமை இறக்கி மூக்கை அலையை ஒட்டித் தாழ்த்தி வைத்து 30, 40 கி.மீ.யில் போங்கள். காற்றோடு போகும்போது மூக்கைச் சிறிது தூக்குங்கள், இல்லையென்றால் முன்னலையின் முதுகில் குத்தி முன்தளம் முழுவதும் தண்ணீராகிவிடும். நிறுத்தும்போது த்ராட்டிலை மெல்லக் குறையுங்கள், சட்டென்று நிறுத்தினால் பின்னால் வரும் உங்கள் அலையே பின்தளத்தில் ஏறும். முன்தளத்து உயர நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. அது தூண்டில் போடும்போது மட்டும் உட்காரும் இடம்.

தனியாகப் போகிறேன். விழுந்துவிட்டால் மறுபடி எப்படி ஏறுவது? – இசிபிங்கோ வாசகர்

பின்பக்கம் ஏணி மாட்டுங்கள், தண்ணீருக்குள் இரண்டு படியாவது இறங்க வேண்டும். நனைந்த உடையோடு கைபலத்தால் ஏறிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஏணி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: பல அவுட்போர்டு இன்ஜின்களின் மூடியின் பக்கவாட்டில் ஒரு டிரிம் பட்டன் இருக்கும், சாவி அணைந்திருந்தாலும் வேலை செய்யும். புரொப்பல்லர் நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டு, அதற்கு மேலே உள்ள தட்டையான பலகையில் காலூன்றி அந்தப் பட்டனை அழுத்துங்கள். இன்ஜின் மெல்ல உயர்ந்து உங்களையும் தூக்கிவிடும். காலை புரொப்பல்லர் இலைமேல் வைக்காதீர்கள். உங்கள் இன்ஜினில் அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே, டிரெய்லர் பக்கியின் (பிக்-அப் வண்டியின்) பின்னால் நிற்கும்போதே தடவிப் பார்த்து வையுங்கள்.