மூன்றாவது முறை நுழைவுத் தேர்வு வேண்டாம். மகளைப் புள்ளியியல் படிக்க விடுங்கள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன், அம்மா. மருத்துவ நுழைவுத் தேர்வில் மகளுக்கு இரண்டு தடவையும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பயிற்சி மையத்தில் பணம் கட்டச் சொல்கிறார் பெரியப்பா. அதிலும் கிடைக்காவிட்டால் கடன் வாங்கியாவது எங்காவது மருத்துவப் படிப்பில் சேர்த்துவிட வேண்டும் என்கிறார். மகள் வாய் திறப்பதில்லை, உங்களுக்குத் தூக்கமில்லை.

கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதி அனுப்பினால் அடுத்த வாரமே நீங்கள் பணத்தைக் கட்டிவிடுவீர்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறை வேண்டாம். கடன் வாங்கி மருத்துவம் படிக்க வைப்பது அதைவிடவும் வேண்டாம்.

இப்படிச் சொல்வதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தாத்தாவின் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு, ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியே கேமராக் குழாயை மூட்டுக்குள் விட்டுச் செய்யும் சிகிச்சை, செய்து உள்ளே கழுவிச் சுத்தப்படுத்தலாம் என்றார் ஒரு டாக்டர். அதனால் பயனில்லை, உடற்பயிற்சியும் வலி மருந்தும் போதும் என்றார் இன்னொருவர். வீட்டில் எல்லோரும் இருவரில் யார் பெரிய டாக்டர் என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் மகள் மட்டும் "ரெண்டு பேரும் எதை வெச்சுச் சொல்றாங்க?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து தேடியிருக்கிறாள். 'படிக்க வேண்டிய நேரத்தில் வேண்டாத வேலை' என்று நீங்கள் குறைபட்டிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வேண்டாத வேலைதான்.

அவள் கேட்ட கேள்வி மருத்துவ உலகம் பல வருடம் சண்டை போட்ட கேள்வி. 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டைக் கழுவினார்கள், இன்னொன்றுக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது பிரிவுக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் வலி கீறல் மட்டும் போட்டவர்களைவிட அதிகமாகக் குறையவில்லை. எலும்பு மருத்துவர்கள் பலர் கொதித்துப்போனார்கள். ஒரே மருத்துவமனை, பெரும்பாலும் ஆண்கள், இதை வைத்து எல்லோருக்கும் எப்படி முடிவு சொல்வது என்றார்கள். நியாயமான கேள்விதான். 2008-இல் கனடாவில் நடந்த இன்னொரு ஆய்வும், பிசியோதெரபியோடும் மருந்தோடும் அறுவை சிகிச்சையைச் சேர்ப்பதால் கூடுதல் பயனில்லை என்றே சொன்னது. தாத்தாவின் இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில் இருந்தது இந்த வரலாறு.

இந்த ஆய்வுகளை எப்படி நடத்துவது என்று திட்டம் போடுகிறவர்களில் முக்கியமான ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதே இல்லை. அவர் பயோஸ்டாடிஸ்டீஷியன், அதாவது மருத்துவப் புள்ளியியலாளர். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த வேலையைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு முன்னோடி ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் காசநோய் பிடித்துக்கொண்டதால் மருத்துவம் படிக்க முடியவில்லை. அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்து, புள்ளியியலுக்கு வந்தார். பின்னாளில் அதே காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்று பார்க்க பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வு நடத்தியபோது, யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மூடிய உறைகளுக்குள் வைத்துக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க ஏற்பாடு செய்தவர் அவர். நோயாளியைப் பார்த்து, 'இவர் தேறுவார், இவருக்கு மருந்து கொடுப்போம்' என்று டாக்டரின் மனம் சாய வழியே இல்லை. 1948-இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், பெறாத 52 பேரில் 14 பேர். புது மருந்துகளை இன்று சோதிக்கும் முறைக்கு வழிகாட்டியது அந்த ஆய்வு. மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் மருத்துவத்தையே மாற்றியதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு சின்னக் கணக்கால் காட்டுகிறேன், மகளிடம் படித்துக் காட்டுங்கள். ஒரு நோயில் 100 பேருக்கு 10 பேர் இறக்கிறார்கள். புது மருந்து அதை 5 ஆகக் குறைக்கும் என்று எதிர்பார்த்தால், வழக்கமான அளவுகோல்படி, அதாவது பலனில்லாத மருந்தைப் பலன் உள்ளது என்று தவறாகச் சொல்ல 5 சதவீத வாய்ப்பு, உண்மையான பலனைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 430 பேர் வேண்டும். 10-ஐ 8 ஆக மட்டும்தான் குறைக்கும் என்றால்? ஒவ்வொரு பக்கமும் சுமார் 3,200 பேர். இது தெரியாமல் 200 பேரை வைத்து ஆய்வு நடத்தி 'பயனில்லை' என்று முடிவு கட்டினால், நல்ல மருந்து ஒன்று குப்பைக்குப் போகும். நம்பி வந்த 200 பேரின் உடம்பும் வீணாகும். '5-க்கும் 8-க்கும் இவ்வளவு வித்தியாசமா, ஏன்?' என்று உங்கள் மகள் கேட்டால், இந்தப் படிப்பு அவளுக்குத்தான்.

ஆய்வு தொடங்கும் முன்பே எதை அளக்கப்போகிறோம், எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்று எழுதி வைப்பது புள்ளியியலாளரின் பொறுப்பு. யார் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாத நிலையில், நடுவில் உறையைப் பிரித்துக் கண்காணிப்புக் குழுவுக்குக் கணக்குக் காட்டுகிறவரும் ஒரு புள்ளியியலாளர்தான். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு வரும் கூடுதல் இதயத் துடிப்புகளை அடக்க என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மாத்திரைகளைக் கொடுத்துவந்த காலம் உண்டு. ஈசிஜி சீராகிவிடும், டாக்டருக்கும் நிம்மதி, வீட்டாருக்கும் நிம்மதி. 'காஸ்ட்' என்ற ஆய்வு பிளசிபோவோடு, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு, ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாத்திரை பெற்ற 755 பேரில் 63 பேரும் பிளசிபோ பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். 1989-இல் அந்த மாத்திரைகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஒவ்வொரு டாக்டரும் தன் நோயாளியை எவ்வளவு அக்கறையாகப் பார்த்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

எண்களும் ஏமாற்றும். 1988-இல் வெளியான 'ஐசிஸ்-2' ஆய்வு, மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று 17,187 பேரை வைத்துக் காட்டியது. நோயாளிகளைச் சின்னச் சின்னப் பிரிவாக உடைத்துப் பார்த்தால் எப்படித் தவறாகப் போகும் என்று புரியவைக்க, ஆய்வாளர்களே ராசிப்படி பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்திலும் துலாமிலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று வந்தது! முழுக்க முழுக்கத் தற்செயல். ராசி என்றதும் சிரித்துவிடுகிறோம். அதே தற்செயல் வயது, எடை, இனம் என்ற பெயரில் வந்தால் படித்தவர்களே நம்பிவிடுகிறார்கள். அதைத் தடுக்க ஒருவர் மேசையில் இருக்க வேண்டும்.

இதயம், மூட்டு, புற்றுநோய், மனநலம், பிரசவம் என்று டாக்டர் ஏதாவது ஒரு துறைக்குள் போய்விடுவார். புள்ளியியலாளர் எல்லாத் துறை விவாதத்திலும் உட்காரலாம். உங்கள் மகளின் குணத்துக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். கணக்கில் எப்போதும் முதலிடம், உயிரியலை மனப்பாடம் செய்யத் திணறுகிறாள், ஆஸ்பத்திரி வாசனையே பிடிக்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காத இடத்தில் வாழ்நாள் முழுக்க நிற்கச் சொல்லி எதற்காகக் கடன் வாங்குகிறீர்கள்?

படிக்கும் வழி நேரானது. இளநிலையில் புள்ளியியல், கிடைக்காவிட்டால் கணிதம். முதுநிலையில் பயோஸ்டாடிஸ்டிக்ஸ். முதுநிலை கட்டாயம், இளநிலையோடு நின்றால் பெரும்பாலும் தரவு ஒழுங்குபடுத்தும் வேலையோடு நின்றுவிட வேண்டியிருக்கும். கூடவே ஆர் (R), சாஸ் (SAS) என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருள்கள். ஆர் இலவசம், இன்றைக்கே வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளலாம். தெளிவாக எழுதவும் பழக வேண்டும், ஏனென்றால் கணக்கைப் போட்ட பிறகு அதை டாக்டர்களுக்குப் புரியவைப்பதில்தான் பாதி நேரம் போகும். மருந்து நிறுவனங்கள், அவற்றுக்கு ஆய்வு நடத்தித் தரும் ஒப்பந்த நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வு மையங்கள், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எல்லாவற்றிலும் இந்த வேலை உண்டு.

ஒரு எச்சரிக்கை. 'ஆறு மாதத்தில் கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோ, நூறு சதவீத வேலை' என்று யாராவது விளம்பரம் காட்டினால் ஒரு பைசா கட்டாதீர்கள். அதற்கும் நான் சொல்லும் படிப்புக்கும் சம்பந்தமில்லை.

இதிலும் கஷ்டம் உண்டு. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் உடனே வராது, முனைவர் பட்டம் வரை போனால்தான் வரும். உறவுக்காரர்களிடம் என்ன வேலை என்று விளக்கவே ஐந்து நிமிடம் ஆகும். நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். கணிதம் சலித்துவிட்டால் தாக்குப்பிடிக்க முடியாது.

அதனால் முதலில் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். உலகெங்கும் நடக்கும் ஆய்வுகள் 'கிளினிக்கல் டிரயல்ஸ் டாட் கவ்' (ClinicalTrials.gov) என்ற அமெரிக்க அரசின் இணையப் பதிவேட்டில் பொதுவில் கிடைக்கின்றன. மகளுக்கு ஆர்வம் உள்ள நோய் ஒன்றை எடுத்துக்கொண்டு, தொடங்கும்போது எதை அளப்பதாகப் பதிவு செய்தார்கள், கட்டுரையில் எதை வெற்றி என்று எழுதினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டும் பொருந்தாத கட்டுரை ஒன்றைக் கண்டுபிடித்து ஆவேசமாக உங்களிடம் ஓடி வந்தால் விண்ணப்பத்தை நிரப்புங்கள். பத்து நாளில் அலுத்துவிட்டால் நான் சொன்னதை விட்டுவிட்டு, அவளுக்கு வேறு எது பிடிக்கிறது என்று கேளுங்கள். அப்போதும் நுழைவுத் தேர்வுக்குத் திரும்ப வேண்டாம்.

பெரியப்பாவிடம் நீங்களும் உங்கள் கணவரும் பேசுங்கள், மகளை முன்னால் நிறுத்தாதீர்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் கடனை அடைக்கப்போவது அவர் இல்லை. பயிற்சி மையத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தை முதுநிலைப் படிப்புக்காகத் தனியாகப் போட்டு வையுங்கள். இளநிலைப் புள்ளியியலுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எப்போது என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.