ஸ்டேஷனரிக்கு ஈயா, ஏயா? ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து சில பதில்கள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் 22 வருடமாக டிடிபி, கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் பட்டமெல்லாம் வாங்கவில்லை. தப்பாக அடித்த பத்திரிகைகளைக் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தே ஸ்பெல்லிங் படித்தவன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஏற்காடு, விடுதி நடத்துபவர்): அண்ணா, ஒண்டிக்கடை பக்கம் சின்னதாக ஒரு விடுதி வைத்திருக்கிறேன். வாசலில் ‘அக்காமடேஷன் அவைலபிள்’ என்று இங்கிலீஷில் போர்டு. பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். எங்கே தப்பு என்று அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

பதில்: எம் ஒன்றுதான் போட்டிருப்பீர்கள். கவலை வேண்டாம், மலையில் உங்களுக்குக் கூட்டாளிகள் நிறைய. அந்த வார்த்தையில் சி இரண்டு, எம் இரண்டு. இரண்டு டபுள் ரூம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. அப்படியே உள்ளே போய் கட்டண அட்டையையும் ஒரு தரம் பாருங்கள். காலை டிபன் இலவசம் என்பதற்கு ‘காம்ப்ளிமென்டரி’ என்று போட்டிருந்தால், நடுவில் எல்லுக்கு அடுத்து ஐ வரவேண்டும். அங்கே ஈ விழுந்தால் ஒன்றோடு சேர்ந்து அதை நிறைவாக்குவது என்று அர்த்தம் மாறிவிடும், இட்லிக்குச் சட்னி மாதிரி. அது ‘கம்ப்ளீட்’டுக்குப் பங்காளி, அதிலும் எல்லுக்கு அடுத்து ஈதான். பத்திரிகையின் அடியில் போடுகிற ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்’ ஐ வகை.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, நோட்டுக்கடை): ஸ்டேஷனரி ஸ்டோர்ஸ் என்று புது போர்டு எழுதினோம். பெயின்டர் கடைசியில் ஏ-ஆர்-ஒய் போட்டுவிட்டார், என் மகள் ஈ-ஆர்-ஒய் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஏ போட்டால் நகராமல் நிற்பது, ஈ போட்டால் பேனா, பேப்பர், கவர் வகையறா. ‘பேப்பர்’ என்ற வார்த்தையும் ஈ-ஆர் என்றுதானே முடிகிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்ற வியாபாரிகள் ஏராளம். புத்தகம் விற்றவர்களோ, முக்கியமாகப் பல்கலைக்கழகம் இருந்த ஊர்களில், ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தார்கள். அப்படி நிலையாக நின்றவருக்குத்தான் ‘ஸ்டேஷனர்’ என்று பெயர், அவர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு வந்து தரையில் விரிக்கிறவர் ஸ்டேஷனர் ஆகமாட்டார், நீங்கள் ஆவீர்கள். அதனால் பெயின்டரோடு ரொம்பச் சண்டை போடாதீர்கள், கடை நகராமல் நிற்பதும் உண்மைதானே! அந்த ஒரு எழுத்தை மட்டும் ஸ்டிக்கர் வெட்டி மேலே ஒட்டிவிடலாம்.

கேள்வி (ஓமலூர், டூவீலர் மெக்கானிக்): பிரேக் ஷூ என்று எழுத எந்த பிரேக், சார்?

பதில்: பி-ஆர்-ஏ-கே-ஈ. ஈ-யும் ஏ-யும் நடுவில் சேர்ந்து வந்து கே-யில் முடிந்தால் அது உடைப்பது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிறவருக்கு அதை மாட்டி அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி (ஆத்தூர், கல்லூரி மாணவி): லூஸ் என்பதற்கு ஓ ஒன்றா இரண்டா என்று எப்போதும் குழப்பம். அதேபோல அட்வைஸில் சி-யா எஸ்ஸா? ஏதாவது குறுக்குவழி சொல்லுங்கள் சார்.

பதில்: இழப்பது, தொலைப்பது என்றால் ஓ ஒன்று. சட்டை தொளதொள என்று இருந்தால் ஓ இரண்டு. எழுத்து ஒன்று தொலைந்துபோனதுதான் தொலைப்பது என்று வைத்துக்கொள்ளம்மா. பையன்கள் உருகி உருகி ‘ஐ டோன்ட் வான்ட் டு லூஸ் யூ’ என்று இரண்டு ஓ போட்டு அனுப்புகிறார்கள். அவன் உன்னை அவிழ்த்துவிட விரும்பவில்லை என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் நம் காதுக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் தொலைப்பதைச் சொல்லும்போது கடைசியில் இசட் ஓசை வரும், தொளதொளவுக்கு எஸ் ஓசை. தமிழில் அந்த இசட் கிடையாது, இரண்டையும் ஒரே ‘ஸ்’ஸில் முடித்துவிடுகிறோம். அட்வைஸிலும் இதே கதை. அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்கு சி, எஸ் ஓசை. அறிவுரை சொல்வது என்ற வினைக்கு எஸ், ஆனால் இசட் ஓசை. ‘ஐஸ்’ என்பது ஒரு பொருள், அதில் சி இருக்கிறது, ஆகவே சி போட்டால் பெயர்ச்சொல். லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டுக்கும் பிரிட்டிஷ் வழக்கில் இதே கணக்குதான், நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் அட்டையில் சி இருப்பதைப் பார். அமெரிக்கர்கள் லைசென்ஸுக்கு எப்போதும் எஸ், பிராக்டிஸுக்கு எப்போதும் சி என்று முடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டால் அது அமெரிக்க இங்கிலீஷில் இருக்கிறதா என்று முதலில் பார்.

கேள்வி (ஜவ்வரிசி ஆலைக் கணக்கர்): ரசீது புத்தகத்தில் ‘ரிசீட்’ என்று அடிக்கும்போதெல்லாம் அந்த பி எதற்கு என்று கோபம் வருகிறது.

பதில்: நியாயமான கோபம்தான். கத்தி என்ற ‘நைஃப்’பில் வரும் கே ஒரு காலத்தில் உண்மையிலேயே உச்சரிக்கப்பட்டது. பேச்சு மாறியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. இங்கிலாந்துக்கு 1476-இல் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் வில்லியம் காக்ஸ்டன். அச்சு பரவப் பரவ எழுத்து மெல்ல உறைந்தது, வாய் பாட்டுக்கு மாறிக்கொண்டே போனது. ஆனால் ரிசீட்டின் பி வேறு ரகம். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்தில் பி இருந்ததே என்று படித்தவர்கள் பிற்பாடு கொண்டுவந்து செருகியது. கடன் என்ற ‘டெட்’டில் உள்ள பி-யும், அது வேறு பி, இப்படி நுழைந்ததுதான். அதே குடும்பத்து ‘டிசீட்’டுக்கு மட்டும் பி கிடையாது. ஏன் என்று கேட்டு ஆலைக்கு நேரமாக்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (தாரமங்கலம், கல்யாண வீடு): என் சகலையின் பெயரைப் பத்திரிகையில் ‘கோ பிரதர்’ என்று போடலாமா? குடும்பப் பெயரைப் பன்மையில் எழுதும்போது எஸ்ஸுக்கு முன்னால் மேலே அந்த ஒற்றைப் புள்ளி வால் (அபாஸ்ட்ரஃபி) வேண்டுமா?

பதில்: நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், போடுங்கள். சகலைக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இல்லாததால் நாம் செய்துகொண்டது அது. வெளிநாட்டு விருந்தினர்தான் விழிப்பார். வால் வேண்டாம். அது உடைமைக்கும் சுருக்கத்துக்கும்தான், பன்மைக்கு வெறும் எஸ் போதும். ‘மீல்ஸ்’ போர்டிலும் அந்த வாலைப் பார்க்கிறேன், சாப்பாட்டுக்கு எதற்கு உடைமை?

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): அண்ணா, உங்கள் கடை வாசலிலேயே ஜெராக்ஸ் என்பதற்கு இசட் போட்டிருக்கிறதே?

பதில்: பார்த்துவிட்டீர்களா. எக்ஸ்தான் சரி, உலர்ந்தது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த கம்பெனிப் பெயர், பொதுவாகச் சொல்வதென்றால் போட்டோகாப்பி. அந்த போர்டு கடை திறந்தபோது எழுதியது, மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு ஆடிக்கும் நினைக்கிறேன். மாரியம்மன் பண்டிகை ஃப்ளெக்ஸ் வேலை வந்து குவிந்துவிடுகிறது, அப்புறம் என் வேலை வரிசையில் கடைசிக்குப் போய்விடுகிறது.