கிராங்க் கேஸ் இணைப்பில் சீலன்ட் எவ்வளவு பூசலாம்?

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் பயன்படும் லைகாமிங் ஓ-320 எஞ்சினை ஓவர்ஹாலுக்குப் பின் பூட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர், முன்பு கிராங்க் கேஸின் (கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும், இரு பாதிகளாலான எஞ்சின் கூடு) நடு இணைப்பிலும் சிலிண்டர்களின் அடியிலும் எண்ணெய் கசிந்ததால், இம்முறை இரண்டு இடங்களிலும் சீலன்ட்டை (கசிவை அடைக்கும் பசை) தாராளமாகப் பூசலாமா என்று கேட்டிருக்கிறார்.

கூடாது. சிலிண்டர் அடியில் சீலன்ட்டே கூடாது. அங்கே எண்ணெயைத் தடுப்பது ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் மட்டும்தான். நடு இணைப்பில், தயாரிப்பாளர் அனுமதித்த பொருளை மட்டுமே மெல்லிய படலமாகப் பூச வேண்டும். பட்டு நூலுடன் உறையாத சீலன்ட்டைச் சேர்த்துப் போடுவது நெடுநாள் வழக்கம். நூலை போல்ட் துளைகளுக்கு உட்புறமாக, எங்கும் அறுபடாமல் ஓட்ட வேண்டும். எந்தப் பொருளானாலும், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் அமரும் தளங்களில் அது படக் கூடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. சிலிண்டர்களை இறுக்கும் ஸ்டட்களில் (தலையில்லாத போல்ட்கள்) சில, கேஸின் இரு பாதிகளையும் ஊடுருவி மறுபக்கத்துச் சிலிண்டர்வரை செல்கின்றன. ஆகவே சிலிண்டர் நட்டை இறுக்கும்போது மெயின் பேரிங்குகளையும் சேர்த்தே இறுக்குகிறோம். அந்தப் பிடிப்பைத் தருவது ஸ்டட் இழுபட்டு நீளும் சிறு அளவுதான். உலோகங்களுக்கிடையே மென்மையான படலம் இருந்தால், டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் கருவி) அன்றைக்குச் சரியான அளவையே காட்டும். பின்னர் வெப்பத்திலும் அதிர்விலும் படலம் நசுங்கி வெளியேற, ஸ்டட்டின் இழுவிசை குறைந்துவிடும். அதன்பின் கேஸ் பாதிகள் ஒன்றோடொன்று உரசித் தேயும், பேரிங் ஓடு இடம் நகர்ந்து எண்ணெய்த் துளையை மூடக்கூடும், ஸ்டட் களைத்து முறிந்து சிலிண்டரே பிரியக்கூடும். சிலிண்டர் அடிவிளிம்பிலும் நட்டுக்கு அடியிலும் தடித்த பெயின்ட் இருந்தாலும் இதே ஆபத்துதான். பூட்டும் அவசரத்தில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இறுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அகன்ற அடித்தள வகைச் சிலிண்டரில், அரை அங்குல நட்டுகளை முதலில் 25 அடி-பவுண்டுக்கும் பிறகு 50 அடி-பவுண்டுக்கும் இறுக்கியபின், எட்டில் மூன்று பங்கு அங்குல நட்டுகளை 25 அடி-பவுண்டுக்கு இறுக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு நட்டின்மீதும் டார்க் ரெஞ்சை ஏறத்தாழ ஐந்து விநாடி பிடித்துப் பார்க்க வேண்டும். நட் நகராவிட்டால் சரி. ஸ்டட்டின் திருகுப் புரிகள் உலர்ந்திருந்தால் இந்த எண்களுக்குப் பொருளில்லை, ஏனெனில் உராய்வே முறுக்குவிசையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். குறிப்பிட்ட மசகைத் தடவியாக வேண்டும். உங்கள் எஞ்சின் மாடலுக்குரிய வரிசையையும் அளவையும் நடப்பிலுள்ள சேவைக் குறிப்பில் சரிபார்த்து, உரிமம் பெற்ற பொறியாளரின் மேற்பார்வையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

பழைய கசிவுக்கான காரணத்தையும் தேடுங்கள். இணைப்புத் தளங்களில் உரசல் தழும்புகள் இருந்தால், இரு பாதிகளும் தகுதி பெற்ற பட்டறைக்குச் சென்று தளம் சீராக்கப்பட வேண்டும். அவை ஒன்றாகவே துளையிடப்பட்ட ஜோடி என்பதால், ஒரு பாதியை மட்டும் வேறு எஞ்சினிலிருந்து எடுத்து மாட்ட முடியாது. பிரீதர் குழாய் (கேஸுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) அடைபட்டிருந்தாலோ, தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் வழியே வாயு கேஸுக்குள் இறங்கியிருந்தாலோ, உள்ளழுத்தம் கூடி எந்த நல்ல இணைப்பிலும் எண்ணெய் வெளியே வரும். ஓவர்ஹாலில் வளையங்கள் புதிதாகிவிடும். ஆனால் பிரீதரைப் பலர் கழற்றிப் பார்ப்பதே இல்லை.

ஒவ்வொரு சிலிண்டரையும் இறுக்கியபின் கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். திடீரென்று இறுக்கம் தெரிந்தால், ஓடினால் தளர்ந்துவிடும் என்று எண்ணாமல் மீண்டும் பிரித்துப் பேரிங்கைப் பாருங்கள்.