குழந்தைக்கு மூளை ஐந்தாம் மாதத்தில்தான் உருவாகுமா?

கேள்வி இது: மனைவி முழுகாமல் இருக்கிறார், ஏழு வாரம் முடிந்திருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்கு மேல்தான் குழந்தைக்கு மூளையே வரும், இப்போதே எதற்கு மாத்திரை என்கிறார் உங்கள் அம்மா. டாக்டரோ பார்த்த முதல் நாளே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். யார் சொல்வது சரி?

நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். கரு வளர்கிற விதத்தைப் பற்றித் தைரியமாகச் சொல்வேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

உங்கள் மனைவிக்கு நாள் தள்ளிப்போன அந்த வாரத்திலேயே நரம்பு மண்டலத்துக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. மூளைக்கும் தண்டுவடத்துக்குமான அடிப்படைக் குழாய் மூடியே இந்நேரம் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

முதலில் நாள் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். டாக்டர்கள் சொல்லும் ஏழு வாரம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கரு தரித்தது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆக, கருவின் உண்மையான வயது ஐந்து வாரம். கீழே நான் சொல்லும் நாட்களெல்லாம் கரு தரித்ததிலிருந்து எண்ணியவை.

இரண்டாம் வாரக் கடைசியில் கரு என்பது இரண்டே அடுக்கு செல்கள் கொண்ட ஒரு சின்ன வட்டத் தட்டு. மூன்றாம் வாரத்தில் மேலடுக்கு செல்கள் நடுக்கோடு ஒன்றின் வழியாக உள்ளே இறங்கிப் பரவி, மூன்று அடுக்குகள் ஆகின்றன. வெளி அடுக்கிலிருந்து தோலும் நரம்பும், நடு அடுக்கிலிருந்து தசை, எலும்பு, இரத்தம், உள் அடுக்கிலிருந்து குடலின் உட்பூச்சு என்று பங்கு பிரிகிறது. நடுவில் முதுகுநாண் என்ற மெல்லிய கம்பி போன்ற அமைப்பு உருவாகிறது. அதற்கு நேர் மேலே இருக்கும் வெளி அடுக்குதான் நரம்பாகப் போகிறது. 18, 19ஆம் நாள் வாக்கில் அந்தப் பகுதி தடித்து நரம்புத் தட்டு ஆகிறது.

அப்புறம் அது மடிகிறது. வெற்றிலையை நடு நரம்போடு அழுத்திப் பிடித்தால் இரண்டு ஓரமும் தானாக எழுந்து வரும் அல்லவா, அதேபோல நடுவில் பள்ளம் விழுந்து ஓரங்கள் எழுந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. 22ஆம் நாள் வாக்கில், பின்னாளில் கழுத்தாகப் போகிற இடத்தில் அவை முதலில் ஒட்டுகின்றன. அங்கிருந்து தலைப் பக்கமும் வால் பக்கமும் மூடி, நரம்புக் குழாய் ஆகிக்கொண்டே போகிறது. தலைப் பக்கத் துளை 25ஆம் நாளையொட்டி மூடும்; வால் பக்கத் துளைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அப்போது கருவின் மொத்த நீளம் ஐந்து மில்லிமீட்டர்கூட இருக்காது.

மனிதக் கருவை இந்த வயதில் யாரும் எளிதில் பார்க்க முடியாது. கோழிக் கருவைப் பார்க்கலாம். 33 மணி நேரம் அடைகாத்த முட்டையின் ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டினால், மஞ்சள் கருவின் மேல் வெளிறிய வட்டம் ஒன்று தெரியும். அதைச் சுற்றி வெட்டியெடுத்து வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு லென்ஸில் பாருங்கள். நடுவே நீளமாக நரம்புக் குழாய், அதன் இரு பக்கமும் சதுரம் சதுரமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று ஜோடித் திசுக்கட்டிகள் (பின்னாளில் முதுகெலும்பும் தசையும் ஆகப்போகிறவை). முன்பக்கம் குழாய் உப்பி மூளையின் பகுதிகள் பிரிய ஆரம்பித்திருக்கும். முன் உப்பலின் இரு பக்கமும் பிதுங்கி நிற்பவை வருங்காலக் கண்கள். வால் பக்கத்தில் மட்டும் மடிப்புகள் ஒட்டாமல், வைர வடிவில் திறந்தே கிடக்கும். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் ஸ்லைடை மட்டும் பார்த்து, 'கோழிக்கரு, 33 மணி நேரம்' என்று ரெக்கார்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் திறந்த வால் பக்கத்தைக் கவனித்தவர்களுக்கு மீதிப் பாடம் சுலபம்.

சரி, வெளி அடுக்கில் எல்லா செல்லும் ஒரே மாதிரி இருக்கும்போது, சில மட்டும் நரம்பாக வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? இதற்கு முதல் பதில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கிடைத்தது. ஹில்டா மான்கோல்டு என்ற ஆராய்ச்சி மாணவி, நியூட் எனப்படும் வாலுள்ள நீர்நில வாழ்வியின் கருவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, வேறு நிறமுள்ள இன்னோர் இனத்தின் கருவில் வயிற்றுப் பக்கமாக வைத்து ஒட்டினார். அங்கே இரண்டாவதாக ஒரு நரம்புக் குழாய் முளைத்தது. நிறத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் குழாயின் பெரும்பகுதி வந்து ஒட்டிய துணுக்கால் ஆனதில்லை; வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டிய செல்கள், பக்கத்தில் வந்தவனின் பேச்சைக் கேட்டு நரம்பாகிவிட்டன. 1924இல் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு ஒரு தீ விபத்தில் ஹில்டா இறந்துபோனார். 1935இல் நோபல் பரிசு அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஷ்பேமானுக்கு மட்டும் வந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

அந்தத் துணுக்கு அப்படி என்னதான் சொன்னது என்பது 1990களில்தான் தெரிந்தது, அதுவும் எதிர்பாராத விதமாக. வெளி அடுக்கு செல்களின் இயல்பான போக்கே நரம்பாவதுதான். பி.எம்.பி. என்ற புரதங்கள் அதைத் தடுத்து, அவற்றைத் தோலாக்குகின்றன. நாகின், கார்டின் போன்ற புரதங்கள் பி.எம்.பி.யைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. தடை விலகிய இடத்தில் நரம்பு உருவாகிறது. குழாய்க்குள்ளும் இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது: அடியிலிருக்கும் முதுகுநாண் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரப்பதால் குழாயின் அடிப்பாகத்தில் தசையை இயக்கும் நரம்புகள் பிறக்கின்றன, தொடுவுணர்வைக் கடத்தும் நரம்புகளுக்கு மேல்பாகம். (ஆமாம், வீடியோ கேமில் வரும் அந்த சோனிக்கின் பெயர்தான். விஞ்ஞானிகளுக்கும் பொழுதுபோக வேண்டுமே.)

குழாய் மூடும் நேரத்தில் மடிப்பின் விளிம்பிலிருந்து சில செல்கள் கழன்று உடம்பெங்கும் ஊர்ந்து போகின்றன. நரம்பு முகட்டுச் செல்கள் என்பார்கள். குடல் சுவரின் நரம்புகள், தோலுக்கு நிறம் தரும் செல்கள், முக எலும்புகளில் பெரும்பகுதி எல்லாம் இவற்றின் வாரிசுகள். குடலின் கடைசிப் பகுதி வரை இவை போய்ச் சேராவிட்டால், பிறந்த குழந்தைக்கு மலம் கழிவதிலேயே சிக்கல் வரும். ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று அதற்குப் பெயர்.

இனி உங்கள் அம்மா பக்க நியாயம். அவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஐந்தாம் மாதத்தில்கூட மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழவென்றுதான் இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் மடிப்புகளெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு வருபவை. நரம்பிழைகளுக்கு உறை போடும் வேலை பிள்ளை பிறந்து பல ஆண்டுகள் வரை நடக்கிறது. வளர்ச்சி பெரும்பாலும் பின்னால்தான். கட்டுமானம் முதல் மாதத்தில்.

அதனால்தான் மாத்திரையில் அவசரம். தலைப் பக்கம் மூடாவிட்டால் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. வால் பக்கம் மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகெலும்பு சரியாக மூடாமல் நிற்கும் குறை. இதில் பாதிப்பு லேசாகவும் இருக்கலாம், கால் செயலிழக்கும் அளவுக்கும் போகலாம். முன்பு இப்படி ஒரு கரு உண்டாகியிருந்த பெண்களை வைத்து பிரிட்டன் தலைமையில் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களில் 6 பேருக்கும், எடுக்காதவர்களில் 21 பேருக்கும் இந்தக் குறை திரும்ப வந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்த வைட்டமின் கதையே மும்பையில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே மில் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தி, 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் வேலை செய்தது இந்த வைட்டமின்தான் என்பது பின்னால் தெரிந்தது.

குழாய்தான் மூடியாகிவிட்டதே, இனி எதற்கு என்று கேட்பீர்கள். செல்கள் பெருகவும் இரத்தம் ஊறவும் ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் மாத்திரை தரும் அதே வைட்டமின்) வேண்டும். வழக்கமாக முதல் மூன்று மாதம் முடியும்வரை கொடுப்பார்கள், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால், கரு தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்குங்கள்; பொதுவான அளவு தினம் 400 மைக்ரோகிராம். வீட்டில் முன்பு இந்தக் குறை இருந்தாலோ, மனைவிக்குச் சர்க்கரை இருந்தாலோ, வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருந்தாலோ அளவு மாறும். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.